அறுபது கிராம்

சடசடவென்று வரும் அதிர்வு பற்றி எனக்குக் கவலை இல்லை.
சரளைக்கல், பாலத்தின் இரும்புப் பொருத்து,
பசுவுக்காகப் போட்ட பிரேக்,
எல்லாவற்றையும் ஒரு துண்டு ரப்பர் தின்றுவிடும்.

மெதுவானதுதான் பயம்.
வண்டி முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டதுபோல
ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் ஆட்டம்.
நொடிக்கு ஒன்று. சில வளைவுகளில் அதுகூட இல்லை.
மெஸ்தியாவிலிருந்து ஸுக்திதிவரை
எங்குரி ஆற்றை ஒட்டி மூன்று மணி நேரம்
அந்தச் சாலையில் வேறொன்றும் இல்லை.

அதை விழுங்க இளகிய சுருள்வில் வேண்டும்.
இளகியதோ சுமையைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிடும்.
விறைத்தது தாங்கும்,
தாங்கிய கையாலேயே உலுக்கும்.
குத்தாயிஸியில் என் பட்டறையில்
இரண்டு குளிர்காலம் நடந்தது இந்த வழக்கு.

பிறகு காந்தங்கள்.
மேலே ஒன்று, கீழே ஒன்று,
நடுவில் தட்டோடு சேர்த்துக் கட்டிய மூன்றாவது.
மயிரிழை உயர்ந்தால் மேலுள்ளது 'வந்துவிடு' என்கிறது.
மயிரிழை தாழ்ந்தால் கீழுள்ளது.
வில் மட்டும் எப்போதும் 'திரும்பு' என்கிறது.
'வா'வும் 'போகாதே'யும் ஒரே சத்தத்தில் ஒலிக்க
ஒரு விரற்கடை உயரத்துக்கு
தட்டுக்குத் தன் இடம் மறந்துபோகிறது.
கீழே வண்டி குதிக்கிறது.
அந்தச் சேதியை அதற்கு யாரும் சொல்வதில்லை.

இரண்டு மடங்கு தள்ளினால் இரண்டு மடங்கு நகரும்
என்று பள்ளியில் படித்தது இங்கே செல்லாது.
விரற்கடையைத் தாண்டினால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும்.
என் இடது மோதிரவிரலில் நகம் இல்லாதது அதனால்தான்.

பிப்ரவரி. மெஸ்தியா மருத்துவமனை.
இன்னும் பெயர் வைக்காத பெண்குழந்தை.
தட்டை நான் சரிசெய்து கொண்டுவந்தது
ஆயிரத்து இருநூறு கிராமுக்கு.
அவள் ஆயிரத்து நூற்று நாற்பது.

தட்டு மேலே போய் ஒட்டிக்கொண்டது.

செவிலி ஏத்தெரி சட்டைப்பையிலிருந்து
கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள், எடைக்கு.
மருத்துவமனையில் நான் கத்தியது அதுதான் முதல் முறை.
எஃகு வேண்டாம். சில்லறை வேண்டாம், அதிலும் எஃகு இருக்கும்.
சாவி, ஊசி, ஸ்பூன், எதுவும் வேண்டாம்.
வெளியே பனி. வண்டி உறுமிக்கொண்டே நிற்கிறது.
குழந்தையின் தாய் கட்டிலிலிருந்து எங்களையே பார்க்கிறாள்,
ஏதோ கடைக்காரர்களைப் பார்ப்பதுபோல.

ஓட்டுநர் பெசிக்கின் கோட்டுப்பையில்
வறுத்த ஹேசல் கொட்டைகள் இருந்தன.
குழந்தையை நிறுத்த தராசிலேயே நிறுத்தோம்.
இருபத்துமூன்று போதவில்லை.
இருபத்துநான்கு சரியாக நின்றது.
மருந்துத்துணியில் முடிந்து அவள் காலடியில் வைத்தேன்.
உள்ளங்கையால் தட்டை மெல்ல அழுத்தினேன். விட்டது.
நடுவுக்கு வந்து நின்றது என்று சொல்ல முடியாது.
எங்கும் போகவில்லை, அவ்வளவுதான்.

வழியில் குளுக்கோஸ் பாட்டில் ஊஞ்சலாடியது.
என் பல் என் பல்லோடு மோதியது.
ஐந்தாவது வளைவில் ஏத்தெரி வாந்தி எடுத்தாள்,
வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கண்ணாடிமூடியருகே உட்கார்ந்தாள்.
பதிவுக்காகிதத்தில் என் கோடு தட்டையாக ஓடியது.
ஓடிய கோட்டில் திடீரென்று சிறு முட்கள்,
ஒழுங்கான இடைவெளியில், ஒன்று, ஒன்று, இன்னொன்று.
எங்கே பிழை என்று திருகாணிகளைத் தடவினேன்.
'விக்கல்' என்றாள் ஏத்தெரி.
மலை, சாலை, வண்டி எதுவும் அசைக்காத தட்டை
உள்ளிருந்து அவள் அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஸுக்திதியில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள்.
பெசிக் துணியை அவிழ்த்து, எண்ணினான்.
இருபத்துமூன்று.
மறுபடி எண்ணினான்.
ஏத்தெரி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரவு காகிதத்தை விரித்தேன்.
ஜ்வாரி ஊரைத் தாண்டிய இடத்தில்
கோடு மயிரிழை மேலேறி, அதன்பின் இறங்கவே இல்லை.
அந்த இடத்தில், வண்டியிலேயே, பென்சிலால்
'காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.
அழித்துவிட்டு எழுதினேன்:
இரண்டரை கிராம். பசி.